சாக்லேட் திருவிழா நடத்துனவங்களுக்கு ஒரு திறந்த மடல்: அடுத்த தடவை பந்தி விசாரிக்க ஆள் வைங்க

நம்ம ஊர்ப் பக்கம் சாக்லேட் திருவிழாவ எடுத்து நடத்துன விழாக்குழு அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

நான் பள்ளத்தூர் பக்கம். வீட்டுல வெச்சு பலகாரம் போட்டுக் குடுக்குறது என் தொழில், பன்னெண்டு வருஷமா இதுதான். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், திருவாதிரைப் புதுமை எதுக்குச் சொன்னாலும் தேன்குழல், மாவுருண்டை, அதிரசம், சீப்புச்சீடை எல்லாம் டின் கணக்குல போட்டு அனுப்புவோம், கூட என் சின்ன மாமியாரும் தெருவுல ரெண்டு பேரும் இருக்காங்க. உங்க திருவிழாவுக்கு ரெண்டு நாளும் வந்தேன், முதல் நாள் என் மகனையும் சித்தப்பாவையும் கூட்டிக்கிட்டு, ரெண்டாம் நாள் எங்க ஆயாவ கூட்டிக்கிட்டு. இனிப்பு செய்யுற கை இது, அதனால கொஞ்சம் உரிமையாவே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

முதல்ல நன்றி சொல்லணும், மனசாரச் சொல்றேன். காரைக்குடியில சாக்லேட்னா பெட்டிக்கடை பிரிட்ஜ்ல இருக்குறதுதான், அதுக்கு மேல ஒண்ணு இருக்குனு எங்க பிள்ளைகளுக்குத் தெரியாது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள கொக்கோ போட்டு, அதுலயே சாக்லேட் பண்ற ஒரு தம்பிய நீங்க கூப்பிட்டிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு ஸ்டாலுக்காகவே இந்தத் திருவிழா வருஷா வருஷம் நடக்கணும்னு நினைக்கிறேன். அந்தத் தம்பி முழுக் காய் ஒண்ணை எடுத்து, நல்லா மஞ்சளா பழுத்தது, கட்டையால ஒரு தட்டு தட்டி ரெண்டா பொளந்து என் மகன் கையில குடுத்துச்சு. உள்ள சீதாப்பழம் மாதிரி வெள்ளை வெள்ளையா சதை, ஒவ்வொரு கொட்டையையும் சுத்தி வழுவழுன்னு. அதை வாயில போட்டு சப்பச் சொன்னாங்க, கடிக்கக் கூடாதுனு சொல்லியே குடுத்தாங்க. புளிப்பும் இனிப்புமா நுங்குத் தண்ணியில எலுமிச்சை புழிஞ்ச மாதிரி இருந்துச்சு, சாக்லேட் வாசம் துளி கூட இல்ல. அப்புறம் ஒரு கொட்டைய வெட்டிக் காட்டுனாங்க, உள்ள கத்திரிப்பூ கலர், நாக்குல வெச்சா வாய் அப்படியே துவர்த்துப் போகுது. இதுல இருந்தா சாக்லேட் வருதுனு என் மகன் கேட்டான். அதுக்கு அந்தத் தம்பி பொறுமையா, கொட்டைய சதையோட மரப்பெட்டியில போட்டு வாழை இலையால மூடி அஞ்சாறு நாள் புளிக்க விடுவோம், கை வெச்சா சூடு தெரியும், அந்தப் புளிப்புலதான் வாசமே உருவாகும், புளிக்காத கொட்டைய எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் ஆகாதுனு சொல்லிச்சு. மாவு புளிக்கலைன்னா பணியாரம் பணியாரமா வருமா, எனக்கு அது சட்டுனு புரிஞ்சுச்சு.

அரைக்கிற மெஷின் எதுனு கேட்டேன். நம்ம வீட்டுல இட்லிக்கு ஆட்டுற வெட் கிரைண்டர் மாதிரிதான் இருந்துச்சு, கல் உருளை ரெண்டு, ரெண்டு மூணு நாள் நிறுத்தாம ஓடுமாம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடு இருக்குனு நமக்குத் தெரியும், ஆனா வெளிநாட்டுல சின்ன அளவுல சாக்லேட் பண்றவங்க நிறைய பேர் நம்ம நாட்டு வெட் கிரைண்டர மாத்தி அமைச்ச மெஷின்லதான் கொக்கோ அரைக்கிறாங்கனு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். இன்னொண்ணும் சொல்லிச்சு, கொக்கோ இந்தியாவுக்கு முதல்ல வந்து இறங்குனதே நம்ம குற்றாலத்துலதான், 1798ல, கிழக்கிந்தியக் கும்பினிக்காரங்க கொண்டாந்து நட்டாங்களாம். இதை எல்லாம் கேட்டுட்டு அதுக்கப்புறம் அந்த டார்க் சாக்லேட்ட ஒரு சின்னத் துண்டு வாயில வெச்சப்ப, கசப்புனு ஒதுக்கத் தோணல, என் மகன் கண்ணை மூடிக்கிட்டு நின்னான். பத்து வயசுப் பையன், இனிப்பு இல்லைன்னா தொட மாட்டான்.

ருசி பாக்குறதுனா அதுதான். விழாக்குழுவுக்கு நான் சொல்ல வர்ற விஷயமும் அதுதான். அந்தத் தம்பி என்ன குடுக்குறோம்னு சொல்லிட்டுக் குடுத்துச்சு. மிச்ச இடத்துல குடுத்தாங்க, சொல்லல.

நம்ம ஊர்க் கல்யாணத்துல பந்தி விசாரிக்க ஒரு ஆள் நிப்பாங்க இல்லையா, அனேகமா தாய்மாமனோ பெரியப்பாவோ, துண்டை தோள்ல போட்டுக்கிட்டு வரிசையா நடந்து வருவாங்க. பரிமாறுறது வேற ஆளு, இவங்க வேலை கேக்குறது. என்ன மாமா கந்தரப்பம் ஒண்ணோட நிறுத்திட்டீங்க, அப்பத்தா அந்த மண்டிக் குழம்புல பூண்டு கிடக்கு நீங்க விரதம்னா தொடாதீங்க உங்களுக்குத் தனியா வெச்சிருக்கு, பிள்ளைக்கு அந்தக் குழம்பு காரம் தயிர ஊத்துங்கனு சொல்லிக்கிட்டே போவாங்க. நம்ம விருந்துக்கு வெளியூர்ல பேர் இருக்குனா இலையில எத்தனை வகை விழுந்துச்சுங்கறது மட்டும் காரணம் இல்ல, அந்த விசாரிப்பும் சேர்ந்துதான். உங்க திருவிழாவுல இருபது ஸ்டால் இருந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் சாம்பிள் தட்டு நீட்டுனாங்க, விசாரிக்க ஒருத்தர் கூட இல்ல.

எங்க ஆயாவுக்கு எண்பத்தி நாலு வயசு. ரெண்டாம் நாள் கார்த்திகை நட்சத்திரம், காலையில குன்றக்குடி போய் சண்முகநாதரப் பாத்துட்டு சாயங்காலம் உங்க திருவிழாவுக்கு வந்தாங்க. ஆயாவுக்கு சாக்லேட் புதுசு கிடையாது, அவங்க அப்பச்சி மலாயாவுக்கு கொண்டுவிக்க, அதான் தொழில் பண்ண, போனவங்க, வரும்போது பெட்டியில கொக்கோ டின் வரும், ஞாயித்துக்கிழமை பால்ல கலக்கிக் குடுப்பாங்களாம், அந்த டின்னுல இப்ப மிளகு கிடக்கு எங்க வீட்டுல. அதனால ஆசையா வந்தாங்க. ஒரு ஸ்டால்ல கருப்பா சதுரமா வெட்டி வெச்சிருந்த ஒண்ணை நீட்டுனாங்க. ஆயா கையில வாங்குறதுக்கு முன்னாடி, முட்டை இல்லையேத்தானு கேட்டாங்க. அந்தப் பொண்ணு, இது கேக் இல்ல பாட்டி பிரவுனினு சொல்லிச்சு. ஆயா நம்பி வாயில போட்டுட்டாங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு அதே ஸ்டால்ல இன்னொருத்தர் வேற யாருக்கோ, நாலு முட்டை போட்டாத்தான் இந்த சாஃப்ட் வரும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

ஆயா ஒண்ணும் சத்தம் போடல. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்புளிச்சுட்டு திண்ணையில உக்காந்துட்டாங்க. நான் கொண்டு போய்க் குடுத்த தண்ணியக் கூட வாங்கல. ராத்திரி படுக்கும்போது மட்டும், கேட்டுத்தானத்தா வாங்குனேன்னு சொன்னாங்க. சின்ன வயசுல இருந்து கார்த்திகைக்கு விரதம் இருக்குறவங்க, காய்ச்சல்ல கிடந்தப்பக் கூட விட்டதில்ல. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல, பாவம் அதுக்கு உள்ள என்ன போட்டிருக்குனே தெரியாது, லீவுல சம்பளத்துக்கு வந்து நிக்குற காலேஜ் பிள்ளை. பாக்கெட்ல வித்திருந்தா பச்சைப் புள்ளியா பழுப்பு முக்கோணமானு பாத்திருப்போம், முட்டை போட்டா பழுப்புதான் போடணும்னு சட்டமே இருக்கு. பாக்கெட்டப் பிரிச்சு தட்டுல கொட்டுன நிமிஷத்துல அந்தப் புள்ளி குப்பைக்குப் போயிடுது, அப்புறம் யாரு சொல்றது? இந்த ஊர்ல கறி மீன் சாப்பிடுற வீட்டுலயும் செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டினு எத்தனை பேர் எதைத் தொடாம இருக்காங்கனு உங்களுக்குத் தெரியாததா. கடலை ஒத்துக்காத பிள்ளைகளும் இருக்கும், நிறைய சாக்லேட்ல கடலையும் முந்திரியும் அரைச்சுப் போடுறாங்க, அது விரதம் மாதிரி மனசோட போற விஷயம் கூட இல்ல, மூச்சே அடைச்சுப் போகலாம்.

அதே மாதிரி எங்க சித்தப்பா. அவருக்கு சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறாரு. முதல் நாள் குடிக்கிற ஐட்டம் வெச்சிருந்த பக்கம் கருப்பட்டி ஹாட் சாக்லேட்னு ஒரு போர்டு, கீழயே சுகர் உள்ளவங்களும் தாராளமா குடிக்கலாம்னு எழுதியிருந்துச்சு. குடிச்சுப் பாத்தேன், உண்மையிலேயே அருமையா இருந்துச்சு, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, கெட்டியா, மேல நுரை கட்டி, சின்ன பித்தளை டம்ளர்ல. கொக்கோவ முதல்ல மனுஷங்க குடிக்கத்தான் செஞ்சாங்க, மெக்சிகோ பக்கத்துல மிளகாய் போட்டு நுரை வர ஆத்திக் குடிச்சிருக்காங்க, கடிச்சுத் திங்கிற கட்டி சாக்லேட் 1847லதான் இங்கிலாந்துல வந்துச்சு. அதனால இந்த சுக்கு மிளகுச் சேர்க்கைய செஞ்சவங்க கைக்கு தங்கக் காப்பு போடலாம், அவ்வளவு பொருத்தம். ஆனா அந்த போர்டு தப்பு. கருப்பட்டியும் சர்க்கரைதான். வெள்ளைச் சீனிய விட வாசம் உண்டு, கொஞ்சம் சத்து உண்டு, அதுக்காக சுகர் ஏறாதுனு ஒருத்தரும் சொல்ல முடியாது, கருப்பட்டி போட்டு மாசம் முப்பது கிலோ கிண்டுற நானே சொல்றேன். சித்தப்பா போர்ட நம்பி நாலு டம்ளர் குடிச்சாரு, மறுநாள் காலையில வெறும் வயித்துல பாத்தா 240ஐத் தாண்டிடுச்சு, சித்தி அழுதுட்டாங்க. நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு சுகர்காரங்க இருக்காங்க. அந்த ஒரு வரிய யாராவது திருவிழா காலையில ஒரு சுத்து சுத்திப் பாத்து அழிச்சிருக்கலாம்.

இப்ப சாக்லேட்டுக்கே வர்றேன். நிறைய ஸ்டால்ல வெச்சிருந்தது காம்பவுண்ட் சாக்லேட். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்துலயே உருகிடும், நம்ம உடம்புச் சூடு 37, அதனாலதான் நல்ல சாக்லேட் நாக்குல வெச்ச உடனே தன்னால கரைஞ்சு போகுது. காம்பவுண்ட்ல அந்த வெண்ணெய்க்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு, அதுல நிறைய அவ்வளவு சீக்கிரம் கரையாது, அண்ணத்துல மெழுகு மாதிரி அப்பிக்கும். காம்பவுண்ட் போடுறது குத்தம்னு நான் சொல்ல வரல. வெயில் தாங்கும், விலை குறைவு, பிள்ளைங்க பிறந்த நாளுக்கு வீட்டுல செய்ய லேசு, நானும் ஒரு காலத்துல அச்சுல ஊத்தி வித்திருக்கேன். நெய்ப்பலகாரம்னு சொல்லி டால்டாவுல சுட்டா நம்ம ஊர்ல ஒரு ஆச்சி சும்மா விடுவாங்களா? நெய்னா நெய், டால்டானா டால்டானு சொல்லிட்டு வித்தா வேணுங்கறவங்க வாங்கிப்பாங்க. ஒரு தட்டுக்கு முன்னாடி ஒரு அட்டையில கொக்கோ வெண்ணெய், இல்ல தாவரக் கொழுப்பு, ரெண்டுல ஒண்ணு எழுதி வைக்கச் சொல்லுங்க, போதும்.

அசல் சாக்லேட் கொண்டு வந்த மூணு நாலு பேருக்கு நீங்க செஞ்சது அநியாயம்னே சொல்லுவேன். சித்திரை மாசம், வெளிய தகரப் பந்தல், அதுக்குக் கீழ அவங்க ஸ்டால். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒருத்தரோட தட்டு அப்படியே குழம்பா நின்னுச்சு, அவங்க ஐஸ் பெட்டியில வெச்சு மறுபடி இறுக வெச்சாங்க, சாயங்காலம் எடுத்தா மேல வெள்ளை பூத்துடுச்சு. ஜனங்க பூசணம்னு நினைச்சு ஒதுங்கிப் போனாங்க. அது பூசணம் இல்ல, உருகி ஒழுங்கா இறுகாம போனா கொக்கோ வெண்ணெய் மேல வந்து அப்படிப் பூக்கும், சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது, ஆனா பளபளப்பும் போச்சு, உடைச்சா டக்குனு வர்ற சத்தமும் போச்சு. நாங்க அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது தண்ணியில விட்டு உருட்டிப் பாத்து, ஒரு நொடி தப்புனாலும் மாவு முழுக்க வீணாயிடும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். அவங்களுக்கும் அதே மாதிரி 31, 32 டிகிரியில பிடிச்சு நிறுத்துற பதம் அது. ராத்திரி எல்லாம் கண்ணு முழிச்சு பதம் பாத்த பண்டத்த தகரத்துக்குக் கீழ வெச்சா என்ன ஆகும்? பக்கத்துலயே அவ்வளவு பெரிய வீடு, சுண்ணாம்புச் சுவரு, உசந்த கூரை, வளவுக்குள்ள, அதான் உள்முற்றத்தச் சுத்தின இடம், கால் வெச்சா ஆத்தங்குடித் தரைக் கல்லு சில்லுனு ஏறுது, அதுக்குள்ள மேடையும் போட்டோ எடுக்குற இடமும். மேடைய வெளிய போடுங்க, சாக்லேட்ட வளவுக்குள்ள கொண்டு போங்க. லீவுல பிள்ளைங்க வரணும்னுதான் சித்திரையில வெச்சீங்கனு புரியுது, அரையாண்டு லீவு மார்கழியில வருது, குளிரும் இருக்கும், அதை யோசிங்க.

குடிக்கத் தண்ணி ஐஸ் போட்டு வெச்சிருந்தீங்க, வெயிலுக்கு நல்லதுனு. சாக்லேட் சாப்பிட்ட வாய்க்கு ஐஸ் தண்ணி ஆகாது, கொழுப்பு நாக்குல இறுகிப் போய் அடுத்த ருசி ஏறாது, வெதுவெதுப்பான தண்ணி ஒரு பானையில வைங்க. அப்புறம் வாசல்லயே கேரமல் ஊத்துன மில்க் ஷேக் ஸ்டால். அதைக் குடிச்சுட்டு உள்ள வந்தவங்களுக்கு பொள்ளாச்சித் தம்பி குடுத்தது வெறும் கசப்பாத்தான் தெரிஞ்சிருக்கும், முகத்த சுளிச்சுக்கிட்டுத் துப்புனவங்கள நான் பாத்தேன், அந்தத் தம்பி முகம் வாடுனதையும் பாத்தேன். பாயசத்த முதல்ல ஊத்திட்டு குழம்ப கொண்டாந்தா யாரு சாப்பிடுவாங்க? இதுவும் பந்திதானே, வரிசைனு ஒண்ணு இருக்கு.

நம்ம பலகாரத்துல சாக்லேட் சேத்திருந்தாங்க இல்லையா, அதுல ஒண்ணு ரொம்பப் பிடிச்சுது, சாக்லேட் கும்மாயம். வறுத்த உளுந்து வாசமும் கொக்கோ வாசமும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி சேந்துக்குச்சு, நெய் மேல மிதக்க, கருப்பட்டிய குறைச்சுப் போட்டு. செஞ்சது யாருனு தெரியல, அவங்களுக்கு என் கும்பிடு. தேன்குழல்ல சாக்லேட்ட முக்கி வெச்சது மட்டும் வேணாம், எண்ணெய்ப் பலகாரத்துல அது நமுத்துப் போகுது, தேன்குழல் மொறுமொறுப்பும் போச்சு சாக்லேட்டும் போச்சு. கவுனி அரிசியில செஞ்சு பாக்கலாம், அது அசத்தும்னு என் கை சொல்லுது. கவுனி அரிசியே பர்மாவுல இருந்து நம்ம ஐயாக்கள் கொண்டாந்தது, ரங்கூன் புட்டுனு பேர்லயே ஊர் இருக்கு, வந்ததெல்லாம் நம்ம அடுப்புல ஏறி நம்ம பலகாரமா ஆயிடுச்சு. கொக்கோ பொள்ளாச்சியில விளையுது, அதுக்குக் கப்பல் கூட வேணாம்.

அதனால நேராவே கேக்குறேன். அடுத்த திருவிழாவுக்கு பத்து பேர் எங்களக் கூப்பிடுங்க, பரிமாற இல்ல, விசாரிக்க. முந்தின நாள் சாயங்காலமே ஸ்டால்காரங்களோட உக்காந்து எதுல முட்டை, எதுல கடலை, எதுல என்ன கொழுப்பு, என்ன இனிப்புனு கேட்டு எழுதிக்கிறோம், கொட்டை எழுத்துல அட்டை நாங்களே எழுதுறோம், வயசானவங்க கண்ணாடி இல்லாம படிக்கிற மாதிரி. மறுநாள் ஆளுக்கு ரெண்டு ஸ்டால் பாத்துக்கிட்டு நிக்கிறோம். சம்பளம் வேணாம், எங்க தெருவுலயே ஆறு பேர் சரினு சொல்லிட்டாங்க, காரைக்குடி செக்காலைப் பக்கம் இருந்து என் சிநேகிதி ரெண்டு பேரும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. போர்டுல சுகர்காரங்களுக்கு நல்லதுனு யாரும் எழுதக் கூடாதுங்கறத மட்டும் நீங்க விழாக்குழு பேர்லயே கண்டிப்பா சொல்லிடணும், அது நாங்க சொன்னா எடுபடாது.

ஆயா இப்ப நல்லா இருக்காங்க. முந்தாநாள் அந்தக் கொக்கோ டின்ன எடுத்து மிளகை வேற டப்பாவுல கொட்டச் சொன்னாங்க, எதுக்குனு கேட்டேன், அந்தப் பொள்ளாச்சித் தம்பிகிட்ட கொக்கோப் பொடி கிடைக்குமா, மறுபடி வருமானு கேக்குறாங்க. உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் பக்கம் பலகாரம் போடுற ஒருத்தி